நுரைக் கவசம்

போர்க்களம் புகுந்த மறவர் தம் மெய்யைக் காக்க அணிந்தது கவசம். பகைவன் வீசும் வாளும் எறியும் வேலும் உடலில் தைக்காதவாறு அது தடுத்தது. ஆயினும் தடுத்தல் ஒன்றே கவசத்தின் கடமை அன்று. அணிந்தவன் கையை ஓங்க வேண்டும், குனிய வேண்டும், குதிரைமீது ஏற வேண்டும், கீழே விழுந்தால் எழவும் வேண்டும். கை மடங்காத கவசம் வீரனைக் காப்பதில்லை, அவனைச் சிறையிடுகின்றது. ஆதலின் ஐரோப்பிய நாட்டுக் கவசக் கொல்லர், மார்பை மூடும் அகன்ற தகட்டை அடித்து அமைப்பதில் காட்டிய திறத்தினும், முழங்கையும் முழங்காலும் மடங்கும் இடங்களை அமைப்பதில் மிகுதியான திறம் காட்டினர். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்கள் செய்த முழுக் கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடை உடையது. அவ்வெடை ஒரே தோளில் தங்காது உடலெங்கும் பகிர்ந்து நின்றமையால், பழகிய வீரன் அதனை அணிந்து ஓடவும் இயன்றது.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்காக 1520-இல் செய்யப்பெற்ற கவசம் ஒன்று இன்றும் அந்நாட்டுப் படைக்கலக் காட்சிக்கூடத்தாரின் உடைமையாக உள்ளது. தரையில் நின்று மற்போட்டி போல் பொருதும் விளையாட்டிற்காக அமைந்தது அது. 235 உறுப்புகளால் ஆனது. 42 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. உடலின் எப்பகுதியும் வெளியே தெரியாதவாறு, ஒரு தகட்டின்மேல் மற்றொன்று வழுக்கிச் செல்லுமாறு, இறால் மீனின் ஓடுபோல அஃது அமைந்திருக்கிறது. போட்டியின் விதிகள் இடையில் மாறியமையால் அக்கவசம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதற்கு எதிர்பாராத பெருமை ஒன்று வாய்த்தது. 1962-ஆம் ஆண்டில் விண்வெளி வீரர்க்கு உடை அமைக்க முயன்ற அமெரிக்கப் பொறியாளர், உடல் முழுவதையும் மூடியும் மூட்டுகளை மடங்க விடுவது எங்ஙனம் என்பதை அறிய, அந்தப் பழங்கவசத்தின் அமைப்பைக் கேட்டறிந்தனர்.

இன்று எந்த வீரனும் இத்தகைய இரும்புக் கவசம் பூண்டு போருக்குச் செல்வதில்லை. எனினும் கவசம் செய்யும் கலை மறைந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் பல்லாயிரம் இளைஞர் தம் வீட்டுத் தாழ்வாரங்களில் அமர்ந்து இன்றும் கவசம் செய்கின்றனர். அவர்கள் கையில் சம்மட்டி இல்லை, உலை இல்லை. செருப்பின் அடிப்பாகத்திற்குப் பயன்படும் நுரைப்பொருளே அவர்களுக்கு இரும்பு.

சித்திரக் கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் வீரர்களைப் போல உடை அணிந்து, ஆண்டுதோறும் நிகழும் பெருங்கூட்டங்களில் கூடுவது அந்நாடுகளில் ஒரு வழக்கம். 1939-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் அறிவியற் புனைகதை விரும்புவோரின் முதல் உலக மாநாடு கூடியது. அதற்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவரும் மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணியும் எதிர்கால மனிதரைப் போன்ற உடை அணிந்து வந்தனர். அவ்வுடைகளைத் தைத்தவர் அப்பெண்மணியே. துணியால் அமைந்த அந்த உடையிலிருந்து தொடங்கிய வழக்கம், பின்னர் இரும்பு மனிதர் முதலிய கவச வீரர்களின் உருவத்தை மேற்கொண்டது. ‘அயர்ன் மேன்’ என்னும் அவ்வீரன் 1963-இல் அமெரிக்கச் சித்திரக் கதையொன்றில் முதன்முதல் தோன்றினான். அப்போது அவன் கவசம் சாம்பல் நிறம். அடுத்த கதையிலேயே பொன்னிறம் பூண்டது. 2008-இல் அவன் கதை திரைப்படமாக வந்தபின், அக்கவசத்தைத் தாமும் அணிய வேண்டும் என்னும் விருப்பம் உலகெங்கும் பரவிற்று.

விருப்பம் எளிது. இடர்ப்பாடு அதன்பின் தொடங்குகின்றது. சித்திரத்தில் வரையப்பட்ட கவசம் மெய்யான உடலுக்குப் பொருந்த வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஓவியன் தன் வீரனுக்குத் தலையைச் சிறிதாகவும் தோளை அகலமாகவும் வரைகின்றான். திரைப்படத்தில் காணும் கவசத்திலும் பெரும்பகுதி கணினியால் வரையப்பட்டதே. அங்கு ஒரு தகடு மற்றொரு தகட்டினுள் புகுந்து மறைந்தாலும் கண்டுபிடிப்பார் இல்லை. மெய்யான உடலோ அத்தகைய சலுகை எதனையும் தருவதில்லை. தொழில்முறைக் கலைஞரே இதனால் இடர்ப்பட்டனர். 1954-இல் ஜப்பானியர் எடுத்த ‘காட்ஸில்லா’ என்னும் திரைப்படத்தில், பேருருவ விலங்கின் உடையுள் ஹருவோ நகாஜிமா என்னும் நடிகர் புகுந்து நடித்தார். முதலில் செய்த உடை பெருஞ்சுமையாகவும் மிகுந்த விறைப்பாகவும் இருந்தமையால், அதனை அணிந்து சில அடிகள் நடப்பதே அரிதாயிற்று. அதனை ஒதுக்கி வேறோர் உடை செய்தனர். ஒதுக்கிய உடையை இரண்டாக வெட்டி, விலங்கின் கால் முதலிய ஒரு பகுதி மட்டும் தெரியும் காட்சிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். 1989-இல் வெளிவந்த ‘பேட்மேன்’ படத்தில் நடித்த மைக்கேல் கீட்டனின் முகமூடியும் கழுத்தும் ஒரே இரப்பர்த் துண்டாக அமைந்தன. அவரால் தலையை மட்டும் திருப்ப இயலவில்லை. பக்கவாட்டில் நோக்க வேண்டுமாயின் மார்போடு சேர்த்து முழு உடலையும் திருப்பினார். பார்த்தவர்கள் அதனை அவ்வீரனின் கம்பீரம் என்று கொண்டாடினர்! 2008-இல் வெளிவந்த ‘தி டார்க் நைட்’ படத்தில்தான் முகமூடியைக் கழுத்திலிருந்து பிரித்துத் தலை திரும்பும்படி செய்தனர்.

இனி நுரைக் கவசம் உருவாகும் முறையைக் காண்போம். அதற்குப் பயன்படும் பொருள் எத்திலீன் வினைல் அசிட்டேட் எனப்படும், சுருக்கமாக ஈ.வி.ஏ. என்பர். குழந்தைகள் விளையாடும் அறையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும், ஒன்றோடொன்று பல்லிணைப்பாகப் பொருந்துமாறு விரிக்கும் மெத்தென்ற பாய்கள் பெரும்பாலும் இப்பொருளால் ஆனவை. அதனுள் எண்ணற்ற சிறு காற்றறைகள் தனித்தனியே மூடிக் கிடக்கின்றன. ஆதலின் அது நீரை உறிஞ்சுவதில்லை. பருமனுக்கேற்ற எடையும் இல்லை. முழுக் கவசமும் சில கிலோ எடைக்குள் அடங்கிவிடும். கூரிய கத்தியால் வெட்டலாம், சூடாக்கினால் வளையும், ஆறினால் வளைந்த உருவிலேயே நிற்கும். அணி வேலைப்பாட்டிற்கு 2 மில்லிமீட்டர் கனமும், பெரும்பாலான தகடுகளுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமும், மார்புக்கும் தோளுக்கும் 10 மில்லிமீட்டர் கனமும் உடைய தாள்களைக் கொள்வர்.

முதல் வேலை நுரையில் அன்று, உடலில் தொடங்குகின்றது. அணிபவர் பழைய சட்டை ஒன்றை உடுத்தி நிற்க, உணவுப் பொருள்களைப் பொதியும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அவர் மார்பிலும் முதுகிலும் சுற்றுவர். அதன்மேல் ஒட்டுநாடாவைத் துண்டு துண்டாகப் படியவிடுவர். பின் அந்த ஓட்டின்மேல் கவசத்தின் கோடுகளை மையால் வரைந்து, இணைப்பு வரும் இடங்களிலெல்லாம் குறுக்கே சிறு குறிகளும் இட்டு, கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பர். பாம்பு உரித்த சட்டைபோல் அணிபவரின் உடலளவு அப்படியே கையில் வந்துவிடும். அதனைத் தரையில் விரித்தால் சில இடங்களில் படியாது மேலெழும். அவ்விடங்களில் ஆப்பு வடிவில் பிளந்து தட்டையாக்க வேண்டும். நுரைத்தாளில் அந்த ஆப்பை வெட்டி நீக்கி விளிம்புகளை மீண்டும் ஒட்டும்போது, தட்டையான தாள் தானே குவிந்து மார்பின் உருவத்தைப் பெறுகின்றது. இரவிக்கை தைக்கும் தையற்காரர் துணியில் பிடிப்பு வைத்துத் தைப்பதும் இந்தக் கணக்கினாலேதான்.

இங்கே கணக்குப் பாடம் ஒன்று உதவிக்கு வருகின்றது. ஒருவன் மேற்கையின் சுற்றளவு 30 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 10 மில்லிமீட்டர் கனமுள்ள நுரையில் சரியாக 30 சென்டிமீட்டர் வெட்டி அவன் கையில் சுற்றினால் என்ன ஆகும்? விளிம்புகள் ஒன்றையொன்று எட்டா. நுரை வளையும்போது அதன் உட்புறம் நெருங்குகின்றது, வெளிப்புறம் நீள்கின்றது, நடுப்பகுதியே ஏறத்தாழ அளவு மாறாது நிற்கின்றது. நடுப்பகுதி கையின் தோலிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால், வட்டத்தின் ஆரமும் அந்த அளவு கூடிவிடுகின்றது. ஆரம் 5 மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் கூடும். ஆகவே மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாகச் சேர்த்து வெட்ட வேண்டும். உள்ளே அணியும் சட்டைக்கும் தசை புடைப்பதற்கும் உரிய இடம் இதற்கு மேல் தனி. இக்கணக்கை அறியாது தொடங்கியவர் பலர் முதற் கவசத்தை வீணாக்கியிருக்கின்றனர். கணினியில் கிடைக்கும் ஆயத்த வரைபடத்தை அச்சிட்டு வெட்டுவோர்க்கும் இத்தகைய இடர் உண்டு. தம் உயரத்திற்கு ஏற்ப அதனைச் சுருக்கினால் உடற்கவசம் பொருந்தும். தலைக்கவசமோ தலையில் இறங்காது. ஓவியன் வரைந்த சிறிய தலையின் அளவு அது. ஆதலால் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அளந்தே அமைத்தல் வேண்டும்.

வெட்டும்போது கத்தி மழுங்காதிருத்தல் முதன்மையானது. மழுங்கிய கத்தி நுரையை வெட்டாது, பிய்க்கும். அதனை அழுத்த முயன்ற கை வழுக்கி விரலையும் பதம் பார்க்கும். இடக்கைக்கு வெட்டிய படிவத்தைத் திருப்பிப் போட்டே வலக்கைக்கு வெட்ட வேண்டும். மறந்தால் இரண்டு இடக்கைகள் கிடைக்கும். இது தேர்ந்தவர்க்கும் நேரும் பிழை. வெட்டிய துண்டுகளை வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்கி, ஆறுவதற்குள் கையாலோ, கவிழ்த்த பாத்திரத்தின் மேலோ அழுத்தி வளைப்பர். சூடு பட்ட மேற்பரப்பு சற்றே மினுங்கும். அந்த நிலையில் நிறுத்திவிட வேண்டும். புகை எழுமாயின் நுரை கருகுகின்றது என்று பொருள். அப்புகை மூச்சுக்குக் கேடு.

ஒட்டுவதற்குச் செருப்புத் தொழிலாளர் கையாளும் சொல்யூஷன் பசையே ஏற்றது. இரு விளிம்பிலும் மெல்லியதாகப் பூசிக் காத்திருத்தல் வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டாத பக்குவம் வரப் பத்து நிமிடம் அளவில் ஆகும். அதன்பின் குறிகளை ஒத்து நோக்கிச் சேர்த்தால், சேர்ந்த கணமே பற்றிக்கொள்ளும். பிரித்துத் திருத்த வழியில்லை. இப்பசையின் ஆவி தலைச்சுற்றல் தருவது, தீப்பற்றக்கூடியது. அடைத்த அறையில் இரவெல்லாம் அமர்ந்து ஒட்டுவது பேதைமை. திறந்த தாழ்வாரத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாதபோது, ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, பெரியோர் ஒருவர் உடனிருக்கச் செய்தல் வேண்டும். விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கும்போது எழும் நுண்துகளும் நெஞ்சிற்கு ஆகாது.

துண்டுகள் ஒட்டப்பெற்று மார்பும் தோளும் காலும் உருவாகிவிட்டால், வேலை முடிந்தது என்றே பார்ப்பவர் நினைப்பர். உண்மையில் பாதியே முடிந்துள்ளது. அணிவித்துப் பார்த்தல் என்னும் மறுபாதி இனித்தான் தொடங்குகின்றது. நின்ற கோலத்தில் அழகாகப் பொருந்திய மார்புக் கவசம், அணிந்தவர் நாற்காலியில் அமர்ந்தவுடன் மேலேறித் தொண்டையை இடிக்கும். அமரும்போது வயிறு மடிந்து உடம்பு குறுகுகின்றது, கவசம் குறுகுவதில்லை. ஆகவே மார்பும் வயிறும் ஒரே துண்டாக இராமல், வயிற்றுத் தகடு மார்புத் தகட்டின் உள்ளே வழுக்கிச் செல்லுமாறு பிரித்தல் வேண்டும். ஹென்றி மன்னரின் கொல்லர் செய்ததும் இதுவே. கையை மேலே தூக்கினால் தோட்கவசம் தலைக்கவசத்தை முட்டும். தோட்கவசத்தை மார்போடு இறுக ஒட்டாமல், மீள்தன்மையுள்ள நாடாவால் கழுத்தோரத்தில் தொங்கவிட்டால், கை உயரும்போது அதுவும் உயர்ந்து விலகிக்கொள்ளும்.

முழங்கைக்கு ஒரு எளிய வழி உண்டு. மேற்கைத் துண்டையும் முன்கைத் துண்டையும் அணிவித்து, கையை மெல்ல மடக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு இட்டு, உட்புறத்தில் மட்டும் பிறைபோல் வெட்டி நீக்க வேண்டும். வெளிப்புறம் குறையாது நிற்பதால் காண்பார்க்கு இடைவெளி தெரியாது. ஒரே முறையில் மிகுதியாக வெட்டிவிடலாகாது. சிறிது வெட்டுதல், மடக்கிப் பார்த்தல், மீண்டும் சிறிது வெட்டுதல் என்று நாலைந்து முறை செய்தல் வேண்டும். முழங்காலின் பின்புறத்திற்கும் இம்முறையே. தொடைக்கவசம் நடக்க நடக்கக் கீழே சரியும்; அதனை இறுக்கிக் கட்டினால் குருதியோட்டம் தடைப்படும். இடுப்பில் வலிய பட்டை ஒன்று கட்டி, அதிலிருந்து நாடாவால் தொங்கவிடுதலே தக்கது. அப்பொழுது எடை தொடையில் தங்காமல் இடுப்பெலும்பில் தங்கும். அமர்தல், மண்டியிடுதல், படியேறுதல், இரு கைகளாலும் தன் தோள்களைத் தானே தழுவுதல் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் செய்து பார்த்த பின்னரே வண்ணம் பூச எண்ண வேண்டும்.

நுரைக் கவசத்தின் பெரிய பகை எடை அன்று, வெப்பம். காற்றறைகள் மூடிய நுரை வெப்பத்தைக் கடத்தாது. குளிர்காலத்தில் போர்வையாகும் அப்பண்பே கூட்டத்தின் நடுவில் தீமையாகின்றது. உடல் வெளிவிடும் சூடும் வியர்வையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். போக வழி இல்லையேல் எவ்வளவு வியர்த்தும் பயன் இல்லை. தலை சுற்றும், கண் இருளும், அணிந்தவர் மயங்கி விழவும் கூடும். ஆதலின் அக்குளிலும் முதுகின் கீழும் நிழல் விழும் இடங்களில் துளைகள் விடுவர். அடியில் வியர்வையை ஈர்க்கும் மெல்லிய ஆடை உடுப்பர். தலைக்கவசத்தின் உள்ளே கணினிப் பெட்டியில் சுழலும் சிறு விசிறியைப் பொருத்துவர். கண்ணிடத்து வைத்த நிறக் கண்ணாடித் தாளில் மூச்சின் ஈரம் படிந்து மங்காதிருக்கவும் அவ்விசிறி உதவுகின்றது. வாயருகே மூச்சுக்கு வழி வேண்டும். தலைக்கவசத்தைப் பிறர் துணையின்றி ஒரே கையால் ஒரு நொடியில் கழற்ற இயல வேண்டும். இந்த ஒன்று அமையாத தலைக்கவசம் எத்துணை அழகுடையதாயினும் அணியத் தகாதது.

வண்ணப் பூச்சைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. நுரை வண்ணத்தை உறிஞ்சுமாதலால் முதலில் வளையும் தன்மையுள்ள அடிப்பூச்சு இரண்டு மூன்று முறை இட வேண்டும். கடினமான பூச்சு இட்டால் முதல் நாளிலேயே மூட்டருகே வெடித்து உதிரும். வெள்ளி வண்ணத்தின்மேல் கரிய வண்ணத்தை நீர்க்கப் பூசித் துடைத்தால், பள்ளங்களில் தங்கிய கருமை பழைய இரும்பின் தோற்றத்தைத் தந்துவிடும்.

உடலுக்கேற்பக் கவசம் அமைத்தல் என்னும் இவ்வேலை, சில இடங்களில் இன்னும் நுட்பமானதாகின்றது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தோன்றிய ‘மேஜிக் வீல்சேர்’ என்னும் அறக்குழுவினர், சக்கர நாற்காலியைத் துணையாகக் கொண்டு வாழும் சிறுவர்க்கு, அவர்கள் விரும்பும் வீரனின் ஊர்தியையும் உடையையும் நாற்காலியைச் சுற்றியே விலையின்றிச் செய்து தருகின்றனர். இங்கே சிறுவனின் தோளும் முழங்கையும் மட்டுமல்லாமல் நாற்காலியும் அளக்கப்பட வேண்டும். சக்கரம் உரசாது உருள வேண்டும். பின்னின்று தள்ளுவார் கைப்பிடியைப் பற்ற இடம் வேண்டும். சிறுவன் இளைப்புற்றால் அவனைத் தூக்கி எடுக்கத் தடை இருத்தல் ஆகாது. எல்லாம் முடிந்தபின் வாயிலின் அகலத்தைவிட ஊர்தி அகன்றுவிட்டால் என் செய்வது? அதற்கென்றே பக்கத் தகடுகளைக் கழற்றிப் பூட்டும்படி அமைக்க வேண்டியிருக்கும். அவ்வகையில் அமர்ந்திருத்தலே அணிபவரின் இயல்பான கோலம். நிற்கும் உடலுக்கு வரைந்த படிவம் எதுவும் அங்கே செல்லாது.

கூட்டத்திற்குச் செல்லும் நாளில் கவசம் அணிந்தவர் தனியே செல்வதில்லை. துணைவர் ஒருவர் உடன் வருவார். பக்கவாட்டில் பார்வை மறைந்தவருக்குப் படியைக் காட்டுவதும், இடையிடையே தலைக்கவசத்தைக் கழற்றச் செய்து நீர் பருகக் கொடுப்பதும், அறுந்த நாடாவை உடனே ஒட்டுவதும் அவர் பொறுப்பு. கால், இடுப்பு, மார்பு, தோள், கை, தலை என்ற வரிசையில் அணிவிப்பர். கையுறை அணிந்தபின் தானே கொக்கி மாட்ட இயலாது என்பது முதன்முறை அணிவோர்க்கு அப்போதுதான் விளங்கும்.

மாலையில் அதே வரிசை தலைகீழாக நிகழ்கின்றது. தலைக்கவசம் முதலில் வருகின்றது. நனைந்த உள்ளாடையைத் துவைக்கப் போட்டுவிட்டு, கவசத்தின் உட்புறத்தைத் துடைத்து நிழலில் காற்றாட வைப்பர். மூடிய காருக்குள் வெயிலில் விட்டால், சூட்டால் வளைந்த நுரை சூட்டாலேயே உருக்குலையும். உறுப்புகளை அடுக்கும் முன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, எந்த விளிம்பு தோலை உராய்ந்து சிவக்கச் செய்ததோ அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இட்டு வைப்பர். மறுநாள் கத்தி முதலில் செல்லும் இடம் அது.